எலியின் எடையை முடிவு செய்வது ஒரு மரபணுவா, ஆறாயிரமா?

தர்மபுரியில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒரே ஒரு மரபணு கெட்டுப்போனதால் மூன்று மடங்கு பருத்துவிட்ட எலியைப் பற்றி வகுப்பில் பாடம் நடந்ததாம். பிறகு செமினாருக்குத் தயாராகும்போது, எலியின் எடையில் ஆறாயிரம் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு என்று படித்திருக்கிறார். இரண்டில் எது சரி? ஒரு மரபணுதான் காரணம் என்றால் இத்தனை வருடத்தில் மருந்து வந்திருக்க வேண்டாமா? அவர்கள் வீட்டில் பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். “வித்து நல்லா இருந்தா கூடு தானா கனக்கும்” என்பாராம் அப்பா; வித்து என்றால் பட்டுப்புழு முட்டை. அதுவும் எலி விஷயமும் ஒன்றுதானா? இதை வைத்து ப்ராஜெக்ட் செய்யலாமா என்றும் கேட்கிறார்.

இரண்டுமே சரிதான் தம்பி. ஆனால் அந்த இரண்டு செய்திகளும் ஒரே கேள்விக்கு வந்த பதில்கள் இல்லை. ஒரு மரபணு உடைந்தால் எடை எப்படி மாறும் என்பது ஒரு கேள்வி. உடையாத, சாதாரண எலிகளுக்குள் ஒன்று 22 கிராமும் இன்னொன்று 28 கிராமும் இருப்பது ஏன் என்பது வேறு கேள்வி. பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் போட்டுவிடுவதால் குழப்பம் வருகிறது. நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு ஒரு ஆய்வகத்தின் அனிமல் ஹவுஸை, அதாவது சோதனை விலங்குகள் வளரும் இடத்தை, பார்த்துக்கொண்டவன். இப்போது ஓசூரில் இருக்கிறேன். அதனால் தராசிலிருந்து தொடங்குகிறேன்.

பிறந்த சுண்டெலிக் குட்டி ஒரு கிராம் சொச்சம் இருக்கும். மூன்று வாரத்தில் பால் மறக்கும்போது பத்து கிராமை ஒட்டி வரும். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் சி57பிளாக்6 என்ற இனவழியில் (நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து ஒரே மாதிரியாக்கிய எலி வம்சத்தில்) வளர்ந்த ஆண் 25 முதல் 30 கிராம், பெண் அதைவிடக் கொஞ்சம் குறைவு. எலி ராத்திரியில் தின்னும் பிராணி. விடிந்ததும் போட்ட எடையும் சாயங்காலம் போட்ட எடையும் ஒத்துப்போகாது; இவ்வளவு சின்ன உடம்பில் வயிற்றில் கிடக்கும் தீவனமே கணக்கைக் கெடுத்துவிடும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 40 கிராம் உள்ள இரண்டு எலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நீளமான எலும்பும் பெரிய தசையும் உள்ள எலி. மற்றது சிறிய எலும்புக்கூட்டின் மேல் கொழுப்பு ஏறிய எலி. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். போச்சம்பள்ளி சந்தையில் ஆடு பிடிக்க வருபவர் எடையை மட்டும் கேட்டுவிட்டுப் போகாமல் முதுகில் கைவைத்து அழுத்திப் பார்ப்பது இதனால்தான்.

ஆக, எடைக்கான மரபணுக்களைக் குறைந்தது இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பேச வேண்டும். உடம்பு எவ்வளவு பெரிதாக வளரும் என்பதில் கை வைப்பவை ஒரு கூட்டம். பசி எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் கொழுப்பாக எவ்வளவு சேரும் என்பதில் கை வைப்பவை இன்னொரு கூட்டம். உங்கள் பாடத்தில் வந்த எலி இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது.

அந்தக் கூட்டத்தின் கதை மஞ்சள் எலியில் தொடங்குகிறது. பிரான்ஸின் நான்சி நகரில் லூசியன் குவேனோ என்பவர் மஞ்சள் எலியையும் மஞ்சள் எலியையும் எத்தனை முறை சேர்த்தாலும், மஞ்சள் மட்டுமே ஈனும் தூய வழி கிடைக்கவில்லை என்று 1905-ல் எழுதினார். 1910-ல் அமெரிக்காவில் காசிலும் லிட்டிலும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். நிற மரபணுவின் அப்பா வழி, அம்மா வழி என்ற இரண்டு பிரதியும் மஞ்சள் வகையாக அமைந்த குட்டிகள் கருவிலேயே இறந்துவிடுகின்றன. மிஞ்சுவது இரண்டு மஞ்சளுக்கு ஒரு வேறு நிறம் என்ற விகிதம். மெண்டலின் மூன்றுக்கு ஒன்று ஏன் இங்கே வரவில்லை என்று பரீட்சையில் கேட்பார்களே, அந்த எலி இதுதான். ஒரு பிரதியோடு உயிர் பிழைத்த மஞ்சள் எலிகள் வயதாக ஆகக் குண்டாகும். முடியின் நிறத்துக்கும் உடம்பின் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம் என்பது முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் விளங்கவில்லை.

1992-ல் அகூட்டி என்ற அந்த நிற மரபணு பிரித்தெடுக்கப்பட்ட பிறகுதான் பிடி கிடைத்தது. இது சாதாரணமாகத் தோலில், முடி வேர்களில் மட்டும் வேலை செய்யும் மரபணு. மஞ்சள் எலியில் பக்கத்திலிருந்த ஒரு டிஎன்ஏ துண்டு நீங்கிப்போய், இன்னொரு மரபணுவின் சுவிட்ச் இதற்கு வந்துவிட்டது. விளைவாக அகூட்டி புரதம் உடம்பு முழுக்க, மூளையிலும்கூட, உற்பத்தியாகிறது. தோலில் அது மறிக்கும் ஏற்பிக்கு (செல்லுக்கு வரும் சேதியை வாங்கும் புரதத்துக்கு) ஒரு பங்காளி, மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கிறது. அதன் பெயர் எம்சி4ஆர். ‘போதும், வயிறு நிறைந்தது’ என்ற சேதி அந்த ஏற்பி வழியாகத்தான் போகிறது. அகூட்டி அதையும் மறித்துவிடுகிறது. 1997-ல் எம்சி4ஆர் மரபணுவையே நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். அவை மஞ்சளாகவில்லை, குண்டு மட்டும் ஆயின. நிறமும் கொழுப்பும் அங்கே பிரிந்தன.

உங்கள் பாடத்தில் வந்த, ஓபி எனப்படும் குண்டு எலி 1949-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் தானாகத் தோன்றியது. யாரும் உருவாக்கியதில்லை. 1966-ல் அதே ஆய்வகத்தில் டிபி என்ற இன்னொரு குண்டு எலி பற்றிய விவரம் வெளியானது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. அந்த ஆய்வகத்தின் டக்ளஸ் கோல்மன் இவற்றை வைத்துச் செய்த சோதனைதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு எலிகளின் உடம்பை அறுவை செய்து ஒட்டி, ஒன்றின் ரத்தம் இன்னொன்றுக்குள் ஓடும்படி செய்தார். டிபி எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது சாதாரண எலி தீனியைத் தொடாமல் பட்டினியிலேயே செத்தது. டிபி எலிக்கு எந்த மாற்றமும் இல்லை. ஓபி எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது ஓபி குறைவாகத் தின்றது. ஓபியையும் டிபியையும் இணைத்தபோது ஓபி பட்டினி கிடந்து செத்தது. டிபி தின்றுகொண்டே இருந்தது.

இதை உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், விடை தானாக வரும். பசியை அடக்கும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது. ஓபி எலியால் அதைத் தயாரிக்க முடியவில்லை, ஆனால் வந்தால் உணர முடிகிறது. டிபி எலி அதை ஏராளமாகத் தயாரிக்கிறது, உணரத்தான் முடியவில்லை. எந்த மூலக்கூறையும் பார்க்காமல், எலிகளை ஒட்டியே 1970-களின் தொடக்கத்தில் கோல்மன் இந்த முடிவுக்கு வந்துவிட்டார். ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அந்த மரபணுவைப் பிடித்து வெளியிட்டது 1994 டிசம்பரில். அதன் புரதத்துக்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். கொழுப்புச் செல்கள்தான் அதைச் சுரக்கின்றன. அடுத்த வருடமே ஏற்பியும் கிடைத்தது. டிபி எலியில் கெட்டிருந்தது அந்த ஏற்பிதான்.

இந்த இடத்தில் செமினாரில் நீங்கள் தவறாமல் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது, பலர் விட்டுவிடுகிறார்கள். ஓபி பிறழ்வை, அதாவது அந்த மரபணு உடைப்பை, சி57பிளாக்6 இனவழியில் வைத்தால் எலி குண்டாகும், சர்க்கரை கொஞ்ச காலம் ஏறிப் பிறகு பெரும்பாலும் தணியும். அதே பிறழ்வை சி57பிளாக்கேஎஸ் என்ற நெருங்கிய இனவழிக்கு மாற்றினால் கணையம் தாக்குப்பிடிக்காமல் கடுமையான நீரிழிவு வந்து சீக்கிரம் சாகும். உடைந்த மரபணு ஒன்றுதான், உடைப்பும் ஒன்றுதான். சுற்றியிருக்கும் மற்ற மரபணுக்கள் வேறு. ஒற்றை மரபணுக் கதை என்று சொல்லப்படுவதிலேயே பல மரபணுக் கதை நுழைந்துவிட்டது.

சரி, மருந்து? 1997-ல் இங்கிலாந்தில், பாகிஸ்தான் பூர்வீகம் கொண்ட ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகளுக்கு லெப்டின் மரபணு இரண்டு பிரதியிலும் கெட்டிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஒன்றுவிட்ட உறவுக் குழந்தைகள். எட்டு வயதுப் பெண்ணின் எடை 86 கிலோ. இரண்டு வயதுப் பையனுக்கு 29 கிலோ. அந்தப் பெண்ணுக்கு லெப்டின் ஊசி போட்டார்கள். பசி அடங்கி எடை இறங்கியது. ஆக அவர்களுக்கு மருந்து வந்துவிட்டது, வேலையும் செய்தது. ஆனால் உலகத்தில் பருமனாக இருக்கும் மற்ற கோடிக்கணக்கான பேருக்கு லெப்டின் குறைவில்லை. கொழுப்பு அதிகமாக இருப்பதால் லெப்டினும் அதிகமாகவே இருக்கிறது. அவர்கள் ஓபி எலியை விட டிபி எலிக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்பவர்கள், ஆனால் ஏற்பி உடைந்தவர்களும் இல்லை. அவர்களுக்கு ஊசி பெரிதாக எடுபடவில்லை. மஞ்சள் எலி காட்டிய எம்சி4ஆர் வழியைத் தூண்டும் செட்மெலனோடைட் என்ற மருந்துக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் அந்தப் பாதையில் குறிப்பிட்ட மரபணு கெட்டவர்களுக்குத்தான். 1905-ல் நிறத்தைப் பார்க்கத் தொடங்கிய வேலை 115 வருடம் கழித்து மருந்துக்கடைக்கு வந்திருக்கிறது. மெதுவாக வந்தது என்பீர்கள். எனக்கு வந்ததே ஆச்சரியம்.

வளர்ச்சிக் கூட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1929-ல் ஸ்னெல் விவரித்த குள்ள எலி சாதாரண எலியின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பிட்யூட்டரி சுரப்பி சரியாக உருவாகாததால் வளர்ச்சி ஹார்மோன் இல்லை. 1982-ல் பால்மிட்டரும் பிரின்ஸ்டரும் ராட் எனப்படும் பெரிய எலியின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் சுண்டெலிக் கருவில் செலுத்தினார்கள். சில குட்டிகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வளர்ந்தன. இவை எதிர்பார்த்த விஷயங்கள். எதிர்பாராதது, கருவில் வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்2. இந்த மரபணுவின் கெட்ட பிரதி அப்பாவிடமிருந்து வந்தால் குட்டி பிறக்கும்போதே சாதாரண எடையில் 60 சதவீதம்தான் இருக்கும். அதே கெட்ட பிரதி அம்மாவிடமிருந்து வந்தால் ஒன்றும் ஆகாது, குட்டி முழு எடையோடு பிறக்கும். அம்மா தரும் பிரதி எப்படியும் அணைத்து வைக்கப்பட்டிருப்பதால் அது கெட்டால் என்ன, கெடாவிட்டால் என்ன. 1990, 1991-ல் வெளியான இந்த முடிவு மெண்டல் கணக்கில் அடங்காதது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இதைக் கேட்டால் பாதிப் பேர் திணறுவார்கள், படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆறாயிரத்துக்கு வருவோம்.

மரபணு உடையாத சாதாரண எலிகளில் எடை எப்படி வாரிசுக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் கனமான எலிகளை மட்டும் தேர்ந்து இனப்பெருக்கம் செய்வது. குடேல் 1930-ல் இப்படித் தொடங்கினார். கனடாவில் மெக்ஆர்தர் கனமான வழி, இலேசான வழி என்று இரண்டு பக்கமும் இழுத்தார். எடின்பரோவில் ஃபால்கனர் ஆறு வார எடையை வைத்துச் செய்தார். ஜெர்மனியில் டும்மெர்ஸ்டார்ஃபில் 1970-களில் தொடங்கிய வழி 150 தலைமுறைகளைத் தாண்டி ஓடுகிறது. அந்த எலிகள் தேர்வு செய்யாத உறவினர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனம். ஒரு மரபணுவோ ஐந்து மரபணுவோ மட்டும் காரணமாக இருந்தால் சில தலைமுறைகளில் தேர்வு செய்ய எதுவும் மிச்சம் இருக்காது. இத்தனை தலைமுறை எடை ஏறிக்கொண்டே போனதே, எண்ணற்ற மரபணுக்கள் சின்னச் சின்னதாகப் பங்களிக்கின்றன என்பதற்குச் சாட்சி.

ஃபால்கனரின் கணக்கில் ஆறு வார எடைக்கு ஹெரிட்டபிலிட்டி, அதாவது மரபுவழிப் பங்கு, ஏறத்தாழ 35 சதவீதம். இதன் பொருளை ஒரு கணக்கால் பார்க்கலாம். கூட்டத்தின் சராசரி 20 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து சராசரி 24 கிராம் உள்ளவற்றைப் பெற்றோராகத் தேர்ந்தால் குட்டிகளின் சராசரி 24 ஆகாது. நாலு கிராம் கூடுதலில் 35 சதவீதம், அதாவது 1.4 கிராம்தான் கைமாறும். குட்டிகள் 21.4 கிராமில் நிற்கும். மிச்சம் 2.6 கிராம் அந்தப் பெற்றோருக்குக் கிடைத்த நல்ல பால், குறைவான உடன்பிறப்புகள், மரபணுக்கள் தற்செயலாக ஒன்றுசேர்ந்த விதம் இவற்றால் வந்தது. அது அப்படியே வாரிசுக்குப் போகாது.

குடேலின் பெரிய எலியிலிருந்தும் மெக்ஆர்தரின் சின்ன எலியிலிருந்தும் வந்த இனவழிகளைக் கலந்து, பேரக்குட்டிகளில் எந்த குரோமோசோம் பகுதி எடையோடு சேர்ந்து வருகிறது என்று 1990-களில் தேடினார்கள். பகுதிகள் பல கிடைத்தன, ஒவ்வொன்றின் பங்கும் கொஞ்சம்தான். 2006-ல் எட்டு இனவழிகளைக் கலந்த எலிக் கூட்டத்தில் 97 பண்புகளை அளந்து, அவற்றோடு தொடர்புள்ள 843 பகுதிகளைக் கண்டார்கள். எடை அந்தப் பண்புகளில் ஒன்று.

நீங்கள் படித்த ஆறாயிரம் வந்தது 2008-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பிலிருந்து. ஒரு மரபணுவை வேண்டுமென்றே நீக்கிய எலிகளை நாக்அவுட் எலி என்பார்கள். அப்படிப்பட்ட 1,977 வகைகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். உயிர் பிழைத்த வகைகளில் 31 சதவீதம் சாதாரண எலியைவிட எடை குறைவு. 3 சதவீதம் எடை அதிகம். மூன்றில் ஒரு மரபணு எடையைத் தொடுகிறது என்றால் மொத்த மரபணுத் தொகுதியில் ஆறாயிரத்துக்கு மேல் வரும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கில் தப்பில்லை. ஆனால் ‘ஆறாயிரம் மரபணுக்கள் எடையைத் தீர்மானிக்கின்றன’ என்று நீங்கள் செமினாரில் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏன் என்றால் அந்த 31-க்கு 3 என்ற விகிதத்தைக் கவனியுங்கள். உடைத்தால் இளைப்பது, உடைத்தால் பருப்பதைவிடப் பத்து மடங்கு அதிகம். பல் சரியாக வளராத எலி இளைக்கும். குடலில் சத்து உறிஞ்சாத எலி இளைக்கும். சிறுநீரகம், இதயம், நோய் எதிர்ப்பு என்று எது கெட்டாலும் முதலில் எடைதான் இறங்கும். காய்ச்சலில் கிடக்கும் கன்று இளைத்துவிட்டது என்பதற்காகக் காய்ச்சலை எடைக்கான காரணிகளில் சேர்த்துக்கொள்வோமா? எடை உடம்பின் நலத்தைக் காட்டும் ஒரு பொதுவான அளவு. அதனால்தான் இத்தனை மரபணுக்கள் அதைத் தொடுகின்றன. அந்த ஆய்வாளர்களே சொல்ல வந்தது, நாக்அவுட் எலியில் ரத்த அழுத்தத்தையோ மருந்தின் வேலையையோ அளக்கும்போது எடை மாறியிருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். எடையைக் கூட்டும் அந்த 3 சதவீதத்தில்தான் எனக்கு அதிக ஆர்வம். லெப்டின், எம்சி4ஆர் மாதிரி ஒரு கட்டுப்பாட்டு வழியின் மரபணுக்கள் அங்கே தென்பட வாய்ப்பு அதிகம்.

அப்புறம் கூண்டு. இதை மரபணு ஆட்கள் கடைசியில்தான் நினைப்பார்கள், அனிமல் ஹவுஸ் ஆட்கள் முதலில் நினைப்பார்கள்.

பழுப்புக் கொழுப்பில் யுசிபி1 என்ற புரதம் இருக்கிறது. கொழுப்பை எரித்து வெறும் சூடாக மாற்றுவது அதன் வேலை. அது இல்லாத எலி குண்டாக வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1997-ல் அப்படி ஒரு எலியை உருவாக்கியபோது அது குளிரில் நடுங்கியதே தவிர குண்டாகவில்லை. அந்தப் புரதத்துக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லையோ என்ற சந்தேகம் பன்னிரண்டு வருடம் நீடித்தது. எலிக்குச் சுகமான வெப்பம் சுமார் 30 டிகிரி. ஆய்வகங்களோ மனிதருக்கு வசதியாக 20 முதல் 24 டிகிரியில் ஏசி வைக்கின்றன. அந்த அறையில் எலி நாள் முழுக்கக் குளிருக்கு எதிராக எரித்துக்கொண்டே இருக்கிறது. 2009-ல் அதே வகை எலியை 30 டிகிரியில் வைத்தார்கள், குண்டாகிவிட்டது. ஏசி இல்லாத அனிமல் ஹவுஸில் மே மாதம் தர்மபுரியில் ஒரு சோதனையும் மார்கழியில் ஓசூரில் அதே சோதனையும் செய்தால், ஒரே மரபணுவைப் பற்றி இரண்டு பேரும் எதிரெதிர் கட்டுரை எழுதலாம்.

தீவனமும் அப்படித்தான். கொழுப்பு மிகுந்த தீவனம் போட்டால் சி57பிளாக்6 எலி பருத்துச் சர்க்கரையும் ஏறும். ஏ/ஜே என்ற இனவழி அதே தீவனத்தில் பெரிதாக மாறாது. இது 1988-லேயே காட்டப்பட்டது. சாதாரணத் தீவனத்தில் இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் தெரியாது. இன்னொரு படி போகலாம். மஞ்சள் எலியின் தங்கை முறையில் ஏவிஒய் என்று ஒரு வகை உண்டு. மரபணு அளவில் ஒரே மாதிரியான குட்டிகள், ஆனால் ஒன்று மஞ்சளாகிக் குண்டாகும், இன்னொன்று பழுப்பாகி ஒல்லியாகவே இருக்கும். 2003-ல் வாட்டர்லேண்டும் ஜர்ட்டிலும் சினையான தாய்க்கு ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டெய்ன் கொடுத்தபோது பழுப்புக் குட்டிகளின் பங்கு கூடியது. டிஎன்ஏ எழுத்து மாறவில்லை. அதன்மேல் ஒட்டி மரபணுவை அணைத்து வைக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் மாறின.

இதையெல்லாம் வைத்துத்தான் உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கும் பெரிய கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்: எடையில் மரபணுவின் பங்கு எத்தனை சதவீதம்? ஆய்வகத்தின் இனவழி எலி என்பது அண்ணன் தங்கையை இருபது தலைமுறை தொடர்ந்து சேர்த்து உருவாக்கியது. அதில் 98 சதவீதத்துக்கும் மேல் மரபணு இடங்கள் ஒரே மாதிரி ஆகிவிடும். அப்படி ஒரு இனவழியின் ஒரே கூண்டில் ஒரு எலி 24 கிராம், ஒன்று 29 கிராம் என்றால் அந்த ஐந்து கிராமில் மரபணுவின் பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம். மொத்தமும் பால், சண்டை, கூண்டில் யார் பெரியவன் என்பது, கருவில் கிடைத்த இடம் இப்படித்தான். பக்கத்துக் கூண்டில் வேறு இனவழி, அதே தீவனம், அதே வெப்பம், சராசரி 40 கிராம் என்றால் அந்தச் சராசரிகளின் வித்தியாசம் முழுக்க மரபணு. அதே அறை, அதே தராசு, அதே நாள். ஒரு கேள்விக்குப் பூஜ்யம், இன்னொன்றுக்கு நூறு. ஃபால்கனரின் 35 அவருடைய கலப்பு எலிக் கூட்டத்துக்கும் அவருடைய கூண்டுகளுக்கும் உரியது. யாராவது ‘எடை இத்தனை சதவீதம் மரபணு’ என்று மொட்டையாகச் சொன்னால், எந்தக் கூட்டத்தில், என்ன சூழலில் என்று கேளுங்கள்.

அப்பாவின் வார்த்தைக்கு வருகிறேன். வித்து நன்றாக இருந்தால் கூடு கனக்கும் என்பது பாதிக்கு மேல் சரி. இளம்புழு மையத்திலிருந்து நீங்கள் வாங்குவது வெவ்வேறு இனங்களைக் கலந்த கலப்புப் புழு. எலியிலும் இரண்டு இனவழிகளைக் கலந்தால் முதல் தலைமுறை பெரும்பாலும் வாட்டசாட்டமாகவும் நிறையக் குட்டி போடுவதாகவும் இருக்கும். ஒரே இனவழிக்குள் சேர்ந்தவை நோஞ்சான். அந்த வீரியம் அடுத்த தலைமுறையில் கலைந்துவிடும், அதனால்தான் வீட்டில் மிஞ்சிய கூட்டிலிருந்து முட்டை எடுக்காமல் ஒவ்வொரு முறையும் முட்டை தயாரிக்கும் வித்தகத்தை நம்ப வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரே தொகுதி முட்டையை வாங்கிய இரண்டு வீட்டில் ஒருவர் கூடு கனத்தும் இன்னொருவர் கூடு இலேசாகவும் இருந்தால் வித்தைச் சொல்லிப் பயனில்லை. இலையின் ஈரம், புழு வளர்க்கும் மனையின் வெப்பம், புழுவின் கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தில் எத்தனை வேளை இலை போட்டார்கள் என்று பார்க்க வேண்டும். அப்பாவுக்கு இது தெரியாமல் இருக்காது.

நம் பக்கம் அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுவது வழக்கம் என்பதால், நாமும் இனவழி எலி மாதிரி ஆகிவிடுவோமா என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். தாய்மாமன் கட்டிய பெண்ணின் குழந்தைக்கு ஒரே முன்னோரிடமிருந்து இரட்டையாக வந்த மரபணு இடங்கள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு. மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தில் பதினாறில் ஒரு பங்கு. இருபது தலைமுறை அண்ணன் தங்கைக் கணக்கோடு ஒப்பிட ஒன்றுமில்லை. ஆனாலும் லெப்டின் குறைபாடு போன்ற, இரண்டு பிரதியும் கெட்டால் மட்டுமே வரும் அரிய நோய்கள் இந்தக் குடும்பங்களில்தான் வெளியே தெரியும். இங்கிலாந்துக் குழந்தைகளின் பெற்றோரும் உறவில் மணந்தவர்களே. பிறந்த சில மாதங்களிலேயே எடை எகிறிக்கொண்டு போய், எவ்வளவு கொடுத்தாலும் பசி தீராமல் அழும் குழந்தையைக் கண்டால் ‘கொழுகொழு’ என்று கொஞ்சாமல் அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்புங்கள். நாற்பது வயதில் தொப்பை விழுந்த சித்தப்பாவுக்கு இந்தச் சோதனை எதுவும் தேவையில்லை.

ப்ராஜெக்ட் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கடையில் வெள்ளை எலி வாங்கி ஹாஸ்டலில் வளர்ப்பது வேண்டாம். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் செய்த வேலையை எங்கும் காட்ட முடியாது. எலியின் எடையே வேண்டும் என்றால் ஜாக்சன் ஆய்வகத்தின் ‘மவுஸ் பீனோம் டேட்டாபேஸ்’ இலவசம். பல இனவழிகளின் எடைகள் ஆண், பெண் பிரித்து அங்கே கிடைக்கும். இனவழிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டையும் இனவழிக்குள் உள்ள வேறுபாட்டையும் பிரித்துக் கணக்கிட்டால் அதுவே ஒரு நல்ல செமினார்.

கையால் எடை போட்டுப் பார்க்க ஆசை என்றால் வீட்டுப் பட்டுக்கூடே போதும். மில்லிகிராம் வரை காட்டும் தராசு கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும். ஒரே தொகுதியின் கூடுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எடைகளை வரைபடமாக்கும்போது ஒரே மேடாக இல்லாமல் இரண்டு மேடு சேர்ந்ததுபோல் தெரிந்தால், மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிக்காதீர்கள். பெண் கூடு ஆண் கூட்டைவிடக் கனம், அதுதான் காரணமாக இருக்கும். கூட்டைப் பிளந்து கூட்டுப்புழுவின் அடிவயிற்றைப் பாருங்கள். எட்டாம் கண்டத்தில் பெருக்கல் குறி மாதிரி கோடு இருந்தால் பெண், ஒன்பதாம் கண்டத்தில் சின்னப் புள்ளி இருந்தால் ஆண். பிரித்து எழுதிய பிறகு கணக்கைத் தொடங்குங்கள். பிளந்த கூடு அங்காடியில் விலை போகாது, அதனால் எத்தனை எடுக்கலாம் என்று அப்பாவிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.